உங்களுக்குத் தெரியுமா? உப்பு ஜாடி முதல் கொடிக்கால் வரை

பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து நர்சரியில் தளதளவென்று நின்ற கலாத்தியா, ஆவடி ஃபிளாட்டுக்கு வந்த மூன்றாம் வாரமே இலை நுனி கருகி நிற்கிறது. "ஈரப்பதம் பத்தலை, தினமும் ஸ்ப்ரே பண்ணுங்க" என்கிறார் யூடியூப்காரர். சென்னையில், அதுவும் துவைத்த சட்டை மூன்று நாள் காயாத ஊரில், ஈரம் பத்தவில்லையா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளின் காற்றையும் செடிகளையும் பற்றிச் சில துணுக்குகள்.

குளிர்நாட்டுப் புத்திமதி
0 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்றால் 5 கிராம் நீராவியைக்கூடத் தாங்க முடியாது. அந்தக் காற்றை வீட்டுக்குள் விட்டு, ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். லண்டனிலும் டொரண்டோவிலும் குளிர்காலத்தில் செடிக்குத் தண்ணீர் தெளிப்பதும் ஈரமூட்டும் கருவி வாங்குவதும் அதனால்தான். அம்பத்தூரில் யார் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது, குளியலறையைத் தவிர?

புழுக்கமும் புழுங்கலும்
'புழுக்கம்', 'புழுங்கல் அரிசி' இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல். ஆவியில் வேகும் நெல்லின் நிலைமைதான் ஆகஸ்ட் இரவில் மின்வெட்டு வந்தால் நமக்கும். சுவரில் ஏறும் ஈரத்தை 'ஓதம்' என்கிறோம். கடல் அலைக்கும் தமிழில் ஓதம் என்றே பெயர். கடலோர மக்களின் மொழி என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

உப்பு ஜாடி சொல்லும் சேதி
காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஜாடியில் உப்பு கட்டிதட்டி ஈரமாக இருக்கிறதா? பொரித்த அப்பளம் பத்து நிமிடத்தில் நமத்துப் போகிறதா? மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்கிறதா? கலாத்தியாவுக்கு வேண்டிய ஈரம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ப்ரே பாட்டிலைக் கீழே வைக்கலாம்.

கருவி சரியா?
ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் உப்பே போதும். பாட்டில் மூடியில் உப்பு நிரப்பி, கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்கு வருமளவு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மீட்டரையும் மூடியையும் ஒரு ஜிப் கவரில் போட்டு இறுக மூடி, ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

முடி பார்த்த வானிலை
1783-ல் ஸ்விட்சர்லாந்து அறிஞர் சொசூர் ஈரப்பதம் அளக்க எடுத்துக்கொண்டது மனிதத் தலைமுடி. காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். அந்த நுணுக்கத்தில் செய்த கருவிகள் 20-ஆம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் ஓடிக்கொண்டிருந்தன. மழைக்காலத்தில் உங்கள் சுருட்டை முடி அடங்க மறுத்தால் அதைத் திட்டாதீர்கள். அது வேலை செய்கிறது.

காலையில் 85, மதியம் 50
காலை 26 டிகிரியில் ஈரப்பதம் 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். காற்றில் இருக்கும் நீர் அப்படியே இருக்க, மதியம் வெப்பம் 36 டிகிரி ஆனால் அதே ஈரப்பதம் சுமார் 50-க்கு இறங்கிவிடும். நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்றுக்குத் தாங்கும் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவே. ஆகவே மீட்டரைப் பார்க்கும்போது எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடற்காற்று ஆவடிக்கு லேட்
மெரினாவில் கடற்காற்று புகுந்த உடனே ஆவடிக்கு வந்துவிடாது. சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே வர நேரம் பிடிக்கும். மே, ஜூனில் மேலைக்காற்று ஓங்கி அடித்தால் கடற்காற்று கரையிலேயே மல்லுக்கு நிற்கும். அந்த மதியங்களில் மேற்குப் புறநகரில் ஈரப்பதம் 40-க்குக் கீழே போவதும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது ஒரு மே மாதக் கடைசியில்தான், 2003 மே 31 அன்று. நம் செடிகளுக்கு ஈரம் உண்மையிலேயே குறையும் காலம் இந்தச் சில வாரங்கள்தான். வெட்டிவேர் தட்டியை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டால் ஆளுக்கும் குளிர்ச்சி, செடிக்கும் ஈரம். ஏர்கூலர் சொன்னபடி வேலை செய்வதும் அப்போது மட்டுமே. அக்டோபரில் அதை ஓட்டினால் கசகசப்புதான் மிச்சம்.

ஏசி பிறந்தது அச்சகத்துக்காக
1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம் திண்டாடியது. ஈரக்காற்றில் தாள் உப்பி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் பொருந்தாமல் விலகியது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததே நவீன ஏசியின் தொடக்கம். முதல் நோக்கம் குளிர்ச்சி அல்ல, ஈரத்தைக் கட்டுப்படுத்துவது. நம் சிவகாசியில் அச்சும் தீப்பெட்டியும் வேரூன்ற அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். சென்னையில் அந்த வறட்சியை ஏசி அறையில் காசு கொடுத்து வாங்குகிறோம். ஏசியின் காற்று நேராக முகத்தில் அறையும் இடத்தில் ஃபெர்னையோ கலாத்தியாவையோ வைத்தால், இலையோரம் காய்வதில் வியப்பில்லை. இடத்தை மாற்றினாலே போதும்.

சொட்டும் தண்ணீர் வீணல்ல
ஏசி குழாயில் சொட்டுவது அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் தரும். அதில் உப்பு அநேகமாக இல்லை. பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். குடிக்க மட்டும் ஆகாது.

நுனி கருகியதற்கு யார் குற்றவாளி?
இலை நுனி கருகினால் எல்லோரும் காற்றைத்தான் சந்தேகிக்கிறார்கள். போர்வெல் தண்ணீரை யாரும் விசாரிப்பதில்லை. செடி நீரை ஆவியாக்கி வெளியே விடும்போது, அதில் கரைந்து வந்த உப்பு இலையின் விளிம்பிலேயே தங்கிப் போகும். கெட்டிலிலும் பக்கெட்டிலும் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் கலாத்தியாவின் நுனியையும் விட்டுவைக்காது. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு அதைவிட அதிகம். 'வீணாகிறதே' என்று அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர், ஏசி நீர் இரண்டும் செடிக்கு உத்தமம். வழியில்லையா? மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாக நீர் தாராளமாக ஓடும்படி ஊற்றினால், சேர்ந்த உப்பில் ஒரு பங்காவது கழுவிப் போகும்.

ஸ்ப்ரேயின் ஆயுள் சில நிமிடம்
இலைமேல் தெளித்த நீர் காற்றின் ஈரத்தைக் கூட்டுவது சில நிமிடங்களுக்குத்தான். விசிறி ஓடினால் அதுவும் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஈரமாகக் கிடக்கும் இலையில் பூஞ்சைப் புள்ளி வர அது போதும். தெளித்தே தீருவேன் என்றால் காலையில் தெளியுங்கள். தூசியைத் துடைக்க ஈரத்துணி இன்னும் நல்லது. கண்டெய்னர் லாரி ஓடும் சாலையோர வீடுகளில் செடிக்கு முதல் தேவை அந்தத் துடைப்புதான்.

கூழாங்கல் தட்டில் யார் குடியிருக்கிறார்?
தொட்டிக்கு அடியில் கூழாங்கல்லும் நீரும் நிரப்பிய தட்டு வைத்தால் நேர் மேலே ஏதோ சில விழுக்காடு ஈரம் கூடும். கூடவே ஏடிஸ் கொசுவும் கூடும். அதன் முட்டை, கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். தட்டின் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். பாட்டில் நீரில் நிற்கும் மணி பிளான்டுக்கும் இதே விதிதான், வாரம் ஒருமுறை.

செடியே ஒரு ஈரமூட்டி
வேர் உறிஞ்சும் நீரில் 97 விழுக்காட்டுக்கும் மேல் இலை வழியாக ஆவியாகிப் போகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நீராவிப்போக்கு. பத்துச் செடிகளை வீடெங்கும் ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்காமல் ஒரு மூலையில் கூட்டி வைத்தால், ஒன்றன் மூச்சு மற்றொன்றுக்கு ஈரம். காசில்லாத ஏற்பாடு. இலைகள் ஒன்றையொன்று உரசாத இடைவெளி மட்டும் விடுங்கள்.

விடியலில் சொட்டும் இலை
மணி பிளான்ட், சேப்பங்கிழங்கு இலை நுனியில் விடியற்காலையில் முத்துப்போல நீர் நிற்கும். அது பனி அல்ல. காற்றில் ஈரம் நிறைந்து ஆவிப்போக்கு நின்றுபோன இரவில், வேர் தள்ளும் நீர் இலை விளிம்பின் நுண்துளை வழியாகச் சொட்டுகிறது. 'எனக்குப் போதும், இன்று தண்ணீர் வேண்டாம்' என்பதுதான் அதன் பொருள்.

இட்லிப் பானையும் ஈரத்துணியும்
ஒரு மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு நாளில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் நீரைக் காற்றில் கலக்கிறார். நால்வர் வாழும் ஃபிளாட்டில் இட்லிப் பானை, குளியலறை, நவம்பரில் ஹாலின் குறுக்கே கொடி கட்டிக் காயப்போட்ட துணி என்று சேர்த்துக்கொண்டே போங்கள். ஈரமூட்டும் கருவி எதற்கு? போதாததற்கு, அல்ட்ராசானிக் கருவியில் போர்வெல் நீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பெல்லாம் வெள்ளைத் தூளாகப் பறந்து டிவிமேல் படியும்.

கொளத்தூரிலிருந்து ஒரு உதவி
வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூர் அம்பத்தூருக்குப் பக்கம்தான். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நீர்மட்டம் தானாகக் குறைந்துகொண்டே போகும். அத்தனையும் அறைக் காற்றில் சேர்ந்த ஈரம். பக்கத்தில் ஃபெர்ன் வைக்கலாம். நன்னீர் மீன்தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கும் நீரில் மீன் கழிவிலிருந்து வந்த நைட்ரேட் இருக்கும். செடிக்கு அது இலவச உரம்.

மண் தொட்டி மூச்சுவிடும்
மண்பானைத் தண்ணீரைக் குளிர வைக்கும் அதே நுண்துளைகள் மண் தொட்டியிலும் உண்டு. சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும். பிளாஸ்டிக் தொட்டியில் அந்த வழி அடைபட்டிருக்கும். மழை மாதங்களில் வேர் அழுகாமல் தப்பிப்பது மண் தொட்டிச் செடி. கத்திரி வெயிலில் அடிக்கடி தாகம் எடுப்பதும் அதற்கே.

மழையில் சாகும் பாலைச் செடி
பிறந்தநாள் பரிசாக வந்த சின்னக் கிண்ணத்துச் சதைச்செடி நவம்பரில் கூழாகிவிடுகிறதா? சென்னையின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. காற்று நனைந்திருக்கும்போது மண் காயாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு வீட்டுச் சுவர்களே வாரக்கணக்கில் காயவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் 'திங்கள், வியாழன் தண்ணீர்' என்ற அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் செம்பை ஓரமாக வையுங்கள்.

வறட்சிக்கு வரும் விருந்தாளி
மே மாதத்தில் இலைக்கு அடியில் மெல்லிய வலையும் மேலே ஊசி குத்தியதுபோல் மஞ்சள் புள்ளியும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி. சூடும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள்.

பூக்க மறந்த கொடி
ஊரெல்லாம் இருக்கும் மணி பிளான்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சுப் பாலினேசியாவின் மூரியா தீவு. நம் புழுக்கம் அதற்குப் பிறந்தகம் மாதிரி. பூப்பதற்கு வேண்டிய கிபெரெலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரிவர இயங்குவதில்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஹார்மோனைத் தெளித்ததும் பூத்தது!

பாம்புச் செடிக்கு உள்ளூர்ச் சொந்தம்
ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாம்புச் செடி, பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில் திறக்கும். அதனால் ஏசி அறையின் வறட்சியும் அதற்குப் பொருட்டில்லை. அதன் உறவுக்காரச் செடி நம் வறண்ட காடுகளிலேயே உண்டு. பெயர் மருள். அந்த இனத்து இலை நாரில் வில்லுக்கு நாண் திரித்திருக்கிறார்கள்.

பட்டாம்பூச்சி ஆர்க்கிட் ஏன் மறுபடி பூக்கவில்லை?
ஈரம் குறைந்ததால் அல்ல. ஃபெலனாப்சிஸ் புதுப் பூந்தண்டு விட, சில வாரங்களாவது 25 டிகிரியை ஒட்டிய குளுமை வேண்டும். ஆவடியில் அதற்கு மார்கழி வரை காத்திருக்க வேண்டும். டென்ட்ரோபியம் வாங்கியவருக்கு இந்தக் கவலை குறைவு.

நாசா சொன்னதும் சொல்லாததும்
'வீட்டுச் செடி காற்றைச் சுத்தம் செய்யும்' என்ற பேச்சின் மூலம் 1989-ல் வந்த நாசா ஆய்வு. அது நடந்தது மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள். பழைய ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் வெளியான அலசல், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்றது. பத்துக்குப் பத்து அறையில் குறைந்தது 90 தொட்டி! ஜன்னலைத் திறப்பது சுலபம்.

பாட்டிலுக்குள் ஒரு காடு
1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை மூடிய பாட்டிலில் வைத்தார். பூச்சியை மறந்துவிட வைத்தது, உள்ளே தானாக முளைத்த ஃபெர்ன். ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பியது. அந்த நுணுக்கத்தில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் கடல் தாண்டின. 1876-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்ததும் அவற்றில்தான். ரப்பர் தோட்டங்களில் பால் எடுக்கத் தமிழர்கள் மலேயாவுக்குக் கப்பலேறிய கதையின் முதல் வரி, ஒரு பாட்டிலில் எழுதப்பட்டது. இன்றைய டெரேரியமும் அதன் பேரப்பிள்ளைதான். வெயில் படும் ஜன்னலில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே குழம்பு கொதிக்கும்.

கொடிக்கால்: நம்மூர்ப் பசுமைக்குடில்
கண்ணாடி வீடு நம் ஊருக்கு வருவதற்கு முன்பே ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் வெற்றிலை விவசாயிகள். அகத்தியை நெருக்கமாக நட்டு, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றுவார்கள். அகத்தி நிழலும் தரும், கொழுகொம்பும் ஆகும், வறண்ட காற்றையும் தடுக்கும். வரிசைகளுக்கு நடுவே வாய்க்காலில் நீர் நிற்கும். கொடிக்காலுக்குள் நுழைந்தாலே உடம்பு குளிரும். இந்தச் சூத்திரத்தைக் கிழக்குப் பார்த்த பால்கனிக்கும் கொண்டுவரலாம்: உயரமான செடி வெளியே, மென்மையான செடி உள்ளே, நடுவில் ஒரு வெற்றிலைக் கொடி. மணி பிளான்டைவிட அழகு, விருந்து முடிந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இலை.

புது மருமகளுக்குப் பத்து நாள்
நம் நர்சரிகளுக்கு வரும் செடிகளில் பல, ஆந்திரத்தின் கடியம் போன்ற ஊர்களில் நிழல்வலைக்குள், எப்போதும் ஈரமான காற்றில் வளர்ந்தவை. நேராக ஏசி படுக்கையறைக்குள் கொண்டுபோனால் அதிர்ச்சிதான். முதல் பத்து நாள் நிழலான பால்கனியில் வைத்து, பிறகு ஹாலுக்கு, அதன்பின் மற்ற அறைக்கு. உடனே தொட்டி மாற்றவும் வேண்டாம், உரமும் வேண்டாம். முதல் பத்தியில் நின்ற ஆவடி கலாத்தியாவுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: கொஞ்ச நாள் பழக்கம், உப்பில்லாத நீர், ஏசிக்கு எதிரே இல்லாத இடம்.

ஈரம் தாராளம், ஓட்டம் பற்றாக்குறை
ஈரப்பதம் 70-க்கு மேல் நின்று, காற்றும் அசையாமல் இருந்தால் பூஞ்சைக்குத் திருவிழா. அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூப்பதும் இதே நிலையில்தான். அசையும் காற்று இலையையும் மேல்மண்ணையும் காயவைக்கும். செடி வைத்த அறையில் விசிறியை ஒன்றாம் எண்ணில் சில மணி நேரம் ஓடவிடுவது, எந்த ஈரமூட்டியையும்விட நம் ஊருக்குப் பொருந்தும் வைத்தியம்.

பூவும் விசிறியும்
பூவிருந்தவல்லி என்பதே பூந்தமல்லி ஆனது என்பார்கள். 11-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர், ராமாநுஜர் ஆசானாகப் போற்றிய திருக்கச்சி நம்பிகள். நந்தவனம் வளர்த்துக் காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனவர் என்கிறது வைணவ மரபு. சன்னதியில் அவர் செய்துவந்த தொண்டு, பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது, அதாவது விசிறுவது. ஒரு கையில் பூ, மறு கையில் விசிறி. செடி இருக்கும் இடத்தில் காற்று ஓட வேண்டும் என்று பூந்தமல்லிக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா என்ன!